18 லட்சமா, 25.8 லட்சமா? குவாட்டர்னரி எப்போதுதான் தொடங்கியது?

ப்ரிலிம்ஸ்_பயணி (பழைய ராஜேந்தர் நகர்):
எல்லாருக்கும் வணக்கம். ஜியாலஜி ஆப்ஷனல் எடுத்துப் படிக்கிறேன். நிலவியல் கால அட்டவணையின் கடைசிப் பீரியடான குவாட்டர்னரி எப்போது தொடங்கியது என்பதில் மண்டை காய்கிறது. கோச்சிங் நோட்ஸில் 18 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்று இருக்கிறது. நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய புத்தகத்தில் 16 லட்சம். சீனியர் ஒருவர் கொடுத்த அட்டவணையில் 25.8 லட்சம். 2004இல் வந்த இன்னொரு அட்டவணையில் குவாட்டர்னரி என்ற கட்டமே கிடையாது, அதற்கு முந்தைய பீரியடான நியோஜீன் நேராக இன்றுவரைக்கும் வந்து நிற்கிறது. கல்லுக்கு வயசு ஒன்றுதானே? இத்தனை விடை எப்படி வரும்?

சும்மா_வந்தேன்:
எல்லாத்தையும் கூட்டி மூணால வகுத்து எழுதுங்க தம்பி. யாருக்கும் மனவருத்தம் இருக்காது.

கல்லும்_கரடும் (துவாரகா):
25.8 லட்சம் என்று எழுதுங்கள். 2009 ஜூனிலிருந்து அதுதான் அதிகாரபூர்வம். ஆனால் உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்தது "கல்லுக்கு வயசு ஒன்றுதானே" என்ற இடம். முப்பது வருஷத்துக்கு மேல் கல்லோடு குப்பை கொட்டியவன், கொஞ்சம் நீளமாகவே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லின் வயதில் பெரிய தகராறு எதுவும் இல்லை. எந்தக் கல்லில் கோடு கிழிப்பது என்பதுதான் தகராறு. இன்றைய முறைப்படி ஒரு பீரியடின் தொடக்கம் என்றால் உலகத்தில் ஏதாவது ஓர் இடத்தில், ஒரு பாறை அடுக்கில், ஒரே ஒரு புள்ளி. அதைத் தங்க ஆணி என்று செல்லமாகச் சொல்வோம். அந்தப் புள்ளி எது என்று சர்வதேச அடுக்கியல் ஆணையத்தில் ஓட்டெடுப்பு நடக்கும். நூற்றுக்கு அறுபது பேராவது ஆதரிக்க வேண்டும். பிறகு சர்வதேச நிலவியல் ஒன்றியம் முத்திரை குத்தும். புள்ளியை முதலில் நிறுத்துவோம், வயது அதன் பின்னால் வரும். நாளை அளவிடும் கருவி மேம்பட்டால் வயது கொஞ்சம் திருத்தப்படலாம், புள்ளி நகராது.

குவாட்டர்னரி விஷயத்தில் முதல் புள்ளி 1985இல் வைக்கப்பட்டது. இத்தாலியின் கலாப்ரியாவில் விரிகா என்ற இடம். மத்தியதரைக் கடலில் வடக்கத்திய குளிர்நீர்ச் சிப்பிகள் வந்து சேர்ந்ததைக் குளிரின் தொடக்கமாக எடுத்துக்கொண்டார்கள். ஏறக்குறைய 18 லட்சம் ஆண்டு. உங்கள் கோச்சிங் நோட்ஸ் அங்கேயே உறைந்துவிட்டது. 16 லட்சம் என்பது அதே எல்லைக்கு அதைவிடப் பழைய கணக்கு.

சிக்கல் என்னவென்றால், கடலடிச் சேற்றைக் குழாய் போட்டு எடுத்துப் படித்தவர்கள் "குளிர் அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டதே" என்றார்கள். வட அட்லாண்டிக் நடுவில், கரையிலிருந்து அவ்வளவு தூரத்தில், சரளைக்கல் கிடக்கிறது. மிதக்கும் பனிப்பாறை சுமந்துவந்து உருகிப் போட்டால் தவிர அது அங்கே வர வழியில்லை. சீனாவில் காற்று கொண்டுவந்து குவித்த லோயஸ் மண்ணும் அதே சமயத்தில்தான் கனமாகப் படியத் தொடங்குகிறது. இரண்டுமே சுமார் 26 லட்சம் ஆண்டைக் காட்டின.

இதற்கு நடுவில், குவாட்டர்னரி என்ற பீரியடே வேண்டாம், நியோஜீனை இன்றுவரை நீட்டிவிடலாம் என்று ஒரு தரப்பு. 2004 அட்டவணை அவர்கள் கை. குவாட்டர்னரி ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஐந்து வருஷம் மல்லுக்கட்டு. கடைசியில் 2009இல் எல்லை சிசிலித் தீவில் ஜேலா ஊர்ப் பக்கம் மோன்தே சான் நிக்கோலா என்ற இடத்துக்குப் போனது. 25.8 லட்சம். பழைய விரிகா புள்ளியையும் தூக்கி எறியவில்லை. குவாட்டர்னரியின் முதல் எபோக்கான பிளைஸ்டோசீனுக்குள் கலாப்ரியன் என்ற ஏஜின் தொடக்கமாக அது இன்றும் இருக்கிறது, 18 லட்சத்தில்.

ப்ரிலிம்ஸ்_பயணி:
சார், இதை ஒரு ஆள் இப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு நோட்ஸே தேவைப்பட்டிருக்காது. ஒரு சந்தேகம்: ஏன் சரியாக 25.8? 26 என்று முழுசாக வைத்திருக்கலாமே.

கல்லும்_கரடும்:
காந்தத்துக்காக. பூமியின் காந்தப்புலம் அவ்வப்போது தலைகீழாகத் திரும்பும். அந்தச் சமயத்தில் திசைகாட்டி இருந்திருந்தால் முள் தெற்கே காட்டியிருக்கும். காஸ் என்ற நேர்க்காலம் முடிந்து மாத்துயாமா என்ற புரட்டுக்காலம் தொடங்கியது கிட்டத்தட்ட இதே வயதில். சிசிலிப் புள்ளி அந்தப் புரட்டுக்குச் சற்று மேலே இருக்கிறது. சிப்பி மத்தியதரைக் கடலில்தான் இருக்கும். காந்தப் புரட்டு உலகம் முழுக்க எரிமலைக்குழம்பிலும் சேற்றிலும் ஒரே சமயத்தில் பதியும். சிசிலியில் போட்ட கோட்டை இமயமலை அடிவாரத்தில் நம் சிவாலிக் குன்றுகளில் தேடிப் பிடிக்க முடியும் என்றால் அதனால்தான்.

மயூர்விஹார்_மாமி:
நான் ஸ்கூல்ல ஜியாகரபி எடுத்து ரிட்டையர் ஆனவ. பசங்களுக்கு பெரிசிலேர்ந்து சின்னதா வர இந்த இயான், ஈரா, பீரியட், எபோக், ஏஜ் எல்லாம் மனப்பாடமா ஒப்பிக்க வரும். "எது எவ்வளவு பெரிசு"ன்னு கேட்டா திருதிருன்னு முழிப்பா. லட்சமும் கோடியும் காதுக்கு ஒரே மாதிரிதானே கேக்கறது. தம்பி, நீங்க அந்த அளவைப் பிடிச்சுக்கோங்கோ, மீதி தானா வரும்.

ஜிடிலே_வந்தவன் (கரோல் பாக்):
மாமி சொன்னதும் கால்குலேட்டரை எடுத்தேன். நம்மாட்கள் எல்லாருக்கும் தெரிந்த அளவுகோல் ஒன்று இருக்கிறது: புது தில்லியிலிருந்து சென்னை சென்ட்ரல், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், சுமார் 2180 கிலோமீட்டர். பூமியின் வயது 454 கோடி ஆண்டு. தில்லியில் வண்டி கிளம்பும்போது பூமி பிறக்கிறது, சென்ட்ரல் பிளாட்பாரத்தில் நிற்பது இன்று.

முதல் இயானான ஹேடியன் முடிந்து இரண்டாவதான ஆர்க்கியன் தொடங்குவது (சுமார் 400 கோடி) தோல்பூர் தாண்டினதும். அதுவரை பாறை என்று சொல்லக் கையில் அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கும்போது வண்டி நாக்பூரை நெருங்கிக்கொண்டிருக்கிறது. அதுக்கப்புறம் தெலங்கானா முழுக்க, விஜயவாடாவும் தாண்டி, ஜன்னலுக்கு வெளியே நுண்ணுயிர், பாசி, அப்புறம் எலும்பும் ஓடும் இல்லாத மென்மையான ஜந்துக்கள் கொஞ்சம். ஓடும் காலும் வைத்த விலங்குகள் பெருகும் கேம்ப்ரியன் (53.88 கோடி) வருவது ஓங்கோல் தாண்டித்தான், சென்னைக்கு 259 கிலோமீட்டர் இருக்கும்போது. டைனோசர் அழிவது (6.6 கோடி) பொன்னேரி பக்கம், 32 கிலோமீட்டரில்.

குவாட்டர்னரி? 1.24 கிலோமீட்டர். பேசின் பிரிட்ஜ் தாண்டின பிறகு! எல்லாரும் பெட்டியை இறக்கிக் கதவோரம் நிற்கிற நேரம். ஹோமோ சேப்பியன்ஸ் 3 லட்சம் ஆண்டு என்றால் கடைசி 144 மீட்டர். ஹோலோசீன், அதாவது விவசாயம், ஊர், ராஜா, நாம் படித்த அத்தனை வரலாறும், ஐந்தரை மீட்டர் சொச்சம். ஒரு கோச்சின் நீளத்தில் கால்வாசி.

சும்மா_வந்தேன்:
பேசின் பிரிட்ஜ்ல அரை மணி நேரம் அவுட்டர்ல போடுவானே, அதை எந்த எபோக்ல சேர்க்கறது?

ஜேஎன்யூ_வாண்டு:
அண்ணா செம. அந்த 1.24 கிலோமீட்டருக்கு மட்டும் இவ்வளவு சண்டைன்னா மீதி 2179க்கு எவ்வளவு இருக்கணும்!

கல்லும்_கரடும்:
கடைசித் துண்டு என்பதால்தான் இவ்வளவு சண்டை, தம்பி. கேம்ப்ரியனில் லட்சம் ஆண்டு முன்னே பின்னே போனால் கேட்க நாதியில்லை. இங்கே ஐம்பது ஆண்டு பிசகினால் கடிதம் எழுதுவார்கள். ஹோலோசீன் தொடக்கத்துக்கான புள்ளி பாறையில்கூட இல்லை, கிரீன்லாந்துப் பனியில் துளைபோட்டு எடுத்த தண்டில் 1492.45 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஆண்டுப் படலங்களை ஒவ்வொன்றாக எண்ணி 11,700 என்றார்கள், 2000ஆம் ஆண்டிலிருந்து பின்னோக்கி. 2008இல் உறுதியானது.

துவாரகா_செக்டர்12:
ஒரு அடிப்படைக் கேள்வி. குவாட்டர்னரி என்றால் பனியுகம் என்கிறார்கள். நாம் இன்னும் குவாட்டர்னரியில்தான் இருக்கிறோம் என்றும் சொல்கிறார்கள். போன மே மாதம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. இது என்ன பனியுகம் சார்?

கல்லும்_கரடும்:
நியாயமான கோபம். ஆனால் துருவத்தில் நிரந்தரப் பனிக்கவசம் இருக்கும் காலத்தைத்தான் பனியுகம் என்கிறோம். அண்டார்க்டிகாவில் சுமார் 3.4 கோடி ஆண்டாக இருக்கிறது. கிரீன்லாந்தில் இருக்கிறது. எனவே நாம் பனியுகத்துக்குள்தான் இருக்கிறோம், அதன் வெதுவெதுப்பான இடைவேளை ஒன்றில். டைனோசர் காலத்தில் பெரும்பகுதி இந்த மாதிரிப் பெரிய பனிக்கவசம் எங்கும் கிடையாது.

குவாட்டர்னரியின் அடையாளமே இந்த ஏற்ற இறக்கம்தான். கடலடிச் சேற்றில் ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிரின் சுண்ண ஓடுகள் கிடைக்கும். ஆக்சிஜனில் எடை குறைந்த வகை சுலபமாக ஆவியாகிப் பனியாகத் துருவத்தில் மாட்டிக்கொள்ளும், எடை கூடிய வகை கடலில் தங்கும். ஓட்டில் எது எவ்வளவு என்று அளந்தால் அன்றைக்கு உலகில் எவ்வளவு பனி இருந்தது என்று தெரியும். அந்தக் கணக்குப்படி 25.8 லட்சம் ஆண்டில் பனி ஏறக்குறைய ஐம்பது தடவை ஏறி இறங்கியிருக்கிறது. முதலில் 41,000 ஆண்டுக்கு ஒரு சுற்று. பிறகு, 12 லட்சத்துக்கும் 7 லட்சத்துக்கும் இடைப்பட்ட காலத்தில், தாளமே மாறிச் சுமார் ஒரு லட்சம் ஆண்டுக்கு ஒரு பெரிய சுற்று. பூமியின் அச்சுச் சாய்வும் சுற்றுப்பாதையின் வடிவமும் மெல்ல மாறுவதால் தாளம் வருகிறது என்று செர்பியாவின் மிலான்கோவிச் கணக்குப் போட்டுக் காட்டினார். 41,000 அவர் கணக்கில் அழகாக உட்கார்கிறது. தாளம் ஏன் ஒரு லட்சத்துக்குத் தாவியது என்பதில் இன்னும் ஆளுக்கொரு விளக்கம்.

கடைசிப் பெரும்பனி உச்சம் சுமார் 26,000 முதல் 19,000 ஆண்டுகளுக்கு முன். உலகச் சராசரி வெப்பம் இன்றைவிட 5, 6 டிகிரி குறைவு. கடல் மட்டம் 120 மீட்டருக்கும் மேல் கீழே. நம் பக்கம் பனி மூடவில்லை. ஆனால் பருவமழை நொண்டியது.

கடல்கொண்டவன் (முனிர்கா):
120 மீட்டர்! இதைத்தான் நாங்கள் சொல்கிறோம். கடல் அவ்வளவு கீழே இருந்தது என்றால் கன்னியாகுமரிக்குத் தெற்கே நிலம் இருந்தது என்று அர்த்தம். பனி உருகிக் கடல் ஏறியது, குமரிக்கண்டம் மூழ்கியது. அறிவியலே ஒப்புக்கொண்டாயிற்று, இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

சும்மா_வந்தேன்:
வந்துட்டாரய்யா. இழை பத்துப் பதிவு தாண்டினாலே குமரிக்கண்டம் வந்துரும்.

கல்லும்_கரடும்:
கிண்டல் வேண்டாம், அவர் கேட்பதில் பாதி சரி. அந்தப் பாதியை முழுசாக எடுத்துக்கொள்வோம்.

120 மீட்டர் கடல் இறங்கினால் தமிழகக் கரை வெளியே நகரும். பாக் நீரிணையின் ஆழம் பல இடங்களில் பத்துப் பதினைந்து மீட்டர்கூட இல்லை. அது அத்தனையும் தரை. ராமேஸ்வரத்திலிருந்து மன்னாருக்கு நடந்தே போகலாம். இலங்கையும் இந்தியாவும் குவாட்டர்னரியில் பலமுறை ஒட்டிப் பலமுறை பிரிந்திருக்கின்றன. கன்னியாகுமரிக்குத் தெற்கே மீனவர்கள் வாட்ஜ் பேங்க் என்று சொல்லும் கடலடி மேடையிலும் பெரும்பகுதி வெளியே தெரிந்திருக்கும். அங்கே மனிதர் இருந்திருக்கலாம். கடல் ஏறியபோது அவர்கள் பின்வாங்கியும் இருப்பார்கள்.

ஆனால் அந்த மேடை முடிந்ததும் கடல் ஆயிரம் மீட்டருக்கும் கீழே சரிகிறது. 120 மீட்டர் இறங்கினால் அங்கே ஒன்றும் தெரியாது. ஆயிரம் மீட்டர் கடல் இறங்கிய காலம் குவாட்டர்னரியில் இல்லை. லெமூரியா என்ற கண்டத்தை 1864இல் கற்பனை செய்தவர் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் லெமூரும் அதன் உறவு விலங்குகளும் எப்படி என்று விளக்கப் பாலம் போட்டார். கண்டங்களே நகரும் என்று அன்று யாருக்கும் தெரியாது. தெரிந்த பிறகு பாலம் தேவையில்லாமல் போனது. கரையோரம் மூழ்கியது உண்மை. ஆப்பிரிக்கா வரை நீண்ட கண்டம் கிடையாது.

கடல்கொண்டவன்:
கரையோரம் மூழ்கியதை ஒப்புக்கொண்டதற்கு நன்றி. மீதியைக் கடலடி ஆய்வு முடிவு செய்யட்டும்.

தேரிக்காட்டான் (சரிதா விஹார்):
கடலுக்குள்ள தேடுறதுக்கு முன்னால கரையைப் பாருங்க அண்ணாச்சி. எங்க ஊர் திருச்செந்தூர் பக்கம், குதிரைமொழித் தேரி. செக்கச்செவேல்னு மணல்மேடு, மைல் கணக்குல. தில்லிப் பிள்ளைகளுக்கு போட்டோ காட்டினா செவ்வாய் கிரகம்ங்குது. அந்தத் தேரி மண்ணும் குவாட்டர்னரிதான். கடல் கீழ போனப்ப காய்ஞ்சு கிடந்த கரை மணலை காத்து அள்ளிக்கொண்டு வந்து குவிச்சது, இரும்பு துருப்பிடிச்சுச் சிவப்பானதுன்னு ஆராய்ச்சிக்கு வந்தவங்க சொன்னாங்க. தேரிக்குள்ள சின்னச் சின்னக் கல்லாயுதம் கிடைக்கும், நகம் அளவு. சின்ன வயசுல நாங்க அதை வெறும் சில்லுன்னு எறிஞ்சு விளையாடியிருக்கோம்.

ஜேஎன்யூ_வாண்டு:
அண்ணா, தேரி நுண்கற்கருவிகள் தொல்லியல் சிலபஸில் இருக்கு. தமிழ்நாட்டுப் பிளைஸ்டோசீன் என்றால் இன்னும் பெரிய இடம் அதிரம்பாக்கம். திருவள்ளூர் மாவட்டம், கொசஸ்தலை ஆற்றுப் படுகை. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் கைக்கோடரி ஒன்றை எடுத்தார், அதே ஆண்டில் அதிரம்பாக்கத்தையும் கண்டுபிடித்தார். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழு பல ஆண்டு தோண்டி, 2011இல் சொன்ன வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. நம்ம இனம் அப்போது பிறக்கவே இல்லை. செய்தது யாரோ மூத்த உறவு.

வயது கண்டுபிடித்த விதம்தான் எனக்குப் பிடிச்சது. கார்பன் முறை ஐம்பதாயிரம் ஆண்டுக்கு மேலே கை கொடுக்காது. அதனால் விண்வெளிக் கதிர் குவார்ட்ஸில் உண்டாக்கும் அலுமினியம்-26, பெரிலியம்-10 இரண்டையும் பார்த்தாங்க. கல் மண்ணுக்குள் புதைஞ்சதும் கதிர் படாது, இரண்டும் வேறு வேறு வேகத்தில் சிதையும், விகிதத்தைப் பார்த்தால் எப்போ புதைஞ்சதுன்னு தெரியும். மண்ணின் காந்தத்தையும் சேர்த்துப் பார்த்தாங்க. மேலே சார் சொன்ன அதே மாத்துயாமா புரட்டுக்காலம் அங்கேயும் பதிந்திருக்கு.

தில்லிக்காரங்க ஏங்க வேண்டாம். சூரஜ்குண்ட் பக்கம் ஆனங்பூரிலும் பழைய கற்காலக் கருவிகள் ஏராளமா கிடைச்சிருக்கு.

அஸ்திவாரம் (நொய்டா):
படிப்பாளிகள் நடுவில் ஒரு பைலிங் காண்ட்ராக்ட் ஆள் பேசலாமா? எனக்குக் குவாட்டர்னரி என்றால் மெஷின் சுலபமாக இறங்குகிற மண். வசந்த் குஞ்ச், ரைசினா பக்கம் துளை போட்டால் சீக்கிரமே பாறை, பிட் தேய்ந்துவிடும். அதுவே யமுனை தாண்டி மயூர் விஹார், நொய்டா பக்கம் மணலும் வண்டலும் களியும் மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும். கிழக்கே போகப் போகக் கனம் கூடி நூறு மீட்டரையெல்லாம் தாண்டும். மேற்கே நஜஃப்கட் பக்கம் மண்ணுக்கு நடுவில் கங்கர் வரும், வெள்ளைச் சுண்ணக்கட்டி, கோழி முட்டை அளவில். இதெல்லாம் எந்தக் காலம் சார்?

கல்லும்_கரடும்:
நல்ல வேளை வந்தீர்கள். தில்லியே அட்டவணையின் இரண்டு துண்டுதான், நடுவில் மிகப் பெரிய ஓட்டை. துக்ளகாபாத்திலிருந்து வஜிராபாத் வரை போகும் ரிட்ஜ் ஆரவல்லியின் வால், குவார்ட்சைட், கேம்ப்ரியனுக்கு முந்தைய புரோட்டரோஸோயிக் இயான். நூறு கோடி ஆண்டுக்கும் மேல். அதன் இரண்டு பக்கமும் யமுனை கொட்டிய வண்டல், குவாட்டர்னரி. இடையில் டைனோசர், பெரணிக்காடு, நம் நாடு கண்டத்திலிருந்து பிய்ந்து வடக்கே ஓடி வந்தது, எதற்கும் தில்லியில் அடுக்கு இல்லை. படிந்திருந்தாலும் அரித்துப் போய்விட்டது.

வண்டலிலும் இரண்டு வகை. கங்கர் இருக்கும் மேட்டு மண் பாங்கர், பழைய வண்டல், பெரும்பாலும் பிளைஸ்டோசீன். சுண்ணாம்பு கரைந்து இறங்கி அப்படிக் கட்டியாகச் சேரக் காலம் வேண்டும், அதனால் அது வயசான மண்ணின் அடையாளம். ஆற்றை ஒட்டி வெள்ளம் வந்தால் இன்றும் படியும் மண் காதர், ஹோலோசீன். மாமி குடியிருக்கும் இடம் காதர்.

மயூர்விஹார்_மாமி:
அது சரி, பூகம்பம் வந்தா எங்களுக்குத்தானே அதிகம் ஆடறது? ரிட்ஜ் பக்கம் இருக்கறவா "ஏதாவது ஆடித்தா என்ன"ன்னு கேக்கறா.

அஸ்திவாரம்:
ஆமாம் மாமி. இளகின வண்டல் ஆட்டத்தைப் பெருக்கும். நிலத்தடி நீர் மேலே இருக்கும் மணல் குலுக்கலில் சேறு மாதிரி இளகவும் செய்யும். அதனால்தான் அங்கே பைல் ஆழமாக இறக்குகிறோம். தில்லி பூகம்ப அபாய மண்டலம் நான்கில் இருக்கிறது என்று ரொம்ப நாளாக டிசைன் போட்டிருக்கிறோம், ஆனால் கட்டடத்துக்கு அடியில் என்ன மண் என்பதையும் கேளுங்கள், புரோக்கர் சொல்லமாட்டான்.

ப்ரிலிம்ஸ்_பயணி:
இழை எங்கேயோ போய்விட்டது, ஆனால் நிறுத்தாதீர்கள். மேகாலயன் ஏஜ் பற்றி யாராவது? அதன் தொடக்கம் ஒரு இடத்தில் 4200 ஆண்டு முன், ஒரு இடத்தில் 4250.

ஜேஎன்யூ_வாண்டு:
இது நான். இரண்டும் ஒன்றே. கார்பன் காலக்கணக்குக்காரர்கள் "இன்று" என்பதை 1950 என்று வைத்திருக்காங்க. அதிலிருந்து 4200. பனிப்படலம் எண்ணுபவர்கள் 2000இலிருந்து எண்ணுவாங்க, 4250. ஹோலோசீனை 2018இல் மூன்றாகப் பிரிச்சாங்க: கிரீன்லாண்டியன், நார்த்கிரிப்பியன், மேகாலயன். முதல் இரண்டுக்கும் புள்ளி கிரீன்லாந்துப் பனி. மூன்றாவதுக்கு மேகாலயாவில் சோஹ்ரா (சிரபுஞ்சி) பக்கம் மாம்லூ குகைக்குள் தரையிலிருந்து வளர்ந்த சுண்ணத்தூண். மழை குறைந்த கதை அதன் ஆக்சிஜனில் எழுதியிருக்கு, வயது யுரேனியம்-தோரியம் முறையில்.

ஆனால் இந்தக் கோடு மீது எனக்கு நம்பிக்கை குறைவு. 4200 ஆண்டு முன் வறட்சி வந்து மெசபடோமியாவில் அக்காதியப் பேரரசு விழுந்தது, சிந்துவெளி விழுந்தது என்று செய்தித்தாள் எல்லாம் எழுதியது. கணக்குப் பாருங்க, அது கிமு 2200 சொச்சம். ஹரப்பா நகரங்கள் கலையத் தொடங்கியது கிமு 1900 வாக்கில். முன்னூறு வருஷ இடைவெளி. நம்ம பக்கத்து ராகிகடி ஒரே நாளில் காலியானது இல்லை. வறட்சி உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வந்ததா என்றே கேள்வி எழுப்பியவங்க உண்டு.

கல்லும்_கரடும்:
நகரம் விழுந்ததற்கு அந்தக் கோடு பொறுப்பில்லை, வாண்டு. கோடு குகைக் கல்லில் இருக்கிறது, நாகரிகக் கதை பிறகு ஒட்டியது. அது தவிர உங்கள் சந்தேகம் நியாயமானதுதான்.

மயூர்விஹார்_மாமி:
அப்போ மனுஷன் பூமியை மாத்தின காலத்துக்குன்னு தனி எபோக் கேட்டாளே, அந்த ஆந்த்ரோபோசீனை மட்டும் ஏன் தட்டி விட்டா? எங்க பால்கனியில நின்னா காஜிப்பூர் குப்பை மேடு தெரியும். 1984ல கொட்ட ஆரம்பிச்சது, 2019ல 65 மீட்டர் தொட்டது, குதுப் மினாரைத் தொட்டுடும்னு பேப்பர்ல போட்டான். அதுக்குள்ள பிளாஸ்டிக், பாட்டரி, கோழி எலும்பு, எல்லாம் அடுக்கடுக்கா. இதைவிட ஒரு அடுக்கு வேணுமா?

கல்லும்_கரடும்:
மாமி, பால் குருட்ஸன், யூஜின் ஸ்டோர்மர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 2000இல் அந்தப் பேச்சை எடுத்தார்கள். 2009இல் அதற்கென்றே ஒரு பணிக்குழு. கனடாவின் கிராஃபோர்டு ஏரியைப் புள்ளியாக 2023இல் அறிவித்து, ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் புளூட்டோனியத்தை வைத்து 1950களின் தொடக்கத்தை எல்லை என்றார்கள். 2024 மார்ச்சில் குவாட்டர்னரித் துணைக்குழுவில் 12க்கு 4 என்று தோற்றது.

நான் ஓட்டுப் போடும் இடத்தில் இருந்தாலும் வேண்டாம் என்றுதான் போட்டிருப்பேன். மனிதன் பூமியை மாற்றவில்லை என்பதால் அல்ல. கங்கைச் சமவெளிக் காட்டை அழித்து உழுதது எப்போது? நெல் வயல், ஆடு மாடு, செம்பு உலை எல்லாம் 1950க்கு ஆயிரக்கணக்கான ஆண்டு முன்னால். அவற்றை வெளியே தள்ளி ஓர் ஆயுள் நீளம் உள்ள துண்டை எபோக் என்றால், 25.8 லட்சத்துக்கும் 11,700க்கும் பக்கத்தில் அது எப்படி நிற்கும்?

மயூர்விஹார்_மாமி:
நீளத்தை வெச்சுப் பாத்தா ஹோலோசீனே சின்னதுதான். முன்னாடி வந்த ஐம்பது வெதுவெதுப்பு இடைவேளைக்கும் தனி எபோக் கொடுக்கலையே. நாம இருக்கோம்ங்கறதுக்காக இதுக்கு மட்டும் கொடுத்தேளே. அப்போ மட்டும் கணக்கு இடிக்கலையா?

கல்லும்_கரடும்:
இடிக்கத்தான் செய்கிறது. அதை ஒப்புக்கொள்ளாத குவாட்டர்னரி ஆள் யாரும் இல்லை.

ஜேஎன்யூ_வாண்டு:
அதனாலதான் சிலர் இதை எபோக்காக வைக்காமல் நீண்ட நிகழ்வு என்று வைக்கச் சொல்றாங்க. ஆக்சிஜன் காற்றில் சேர்ந்தது மாதிரி, அதுக்கு ஒற்றைப் புள்ளி கிடையாது, இடத்துக்கு இடம் முன்பின் வரும். எனக்கு அது ஒத்துப்போகுது. கார்பன் டை ஆக்ஸைடு பனி உச்சத்தில் பத்து லட்சத்தில் 190 பங்கு, தொழிற்புரட்சிக்கு முன் 280, இப்போ 420 தாண்டிருச்சு. இதை எந்த ஓட்டும் இல்லைன்னு ஆக்காது.

அஸ்திவாரம்:
மாமியின் குப்பை மேட்டில் ஒரு நடைமுறைச் சிக்கல். பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து, மண்ணாக வருவதை நெடுஞ்சாலை மேடு கட்ட லாரியில் எடுத்துப் போகிறார்கள். 1984 அடுக்கு இப்போது எந்த ரோட்டுக்கு அடியில் இருக்கிறதோ.

கல்லும்_கரடும்:
அந்தக் காரணத்துக்காகத்தான் பணிக்குழு ஏரிக்குப் போனது. கிராஃபோர்டு ஏரி சின்னது, ஆனால் 24 மீட்டர் ஆழம், அடிநீரும் மேல்நீரும் கலப்பதில்லை, அடியைக் கிளறப் பெரிய உயிரும் இல்லை. கோடையில் வெளுப்பு, மற்ற காலத்தில் கறுப்பு என்று ஆண்டுக்கு ஒரு ஜோடிப் படலம் அப்படியே படிந்திருக்கிறது.

துவாரகா_செக்டர்12:
சார், முன்பு சிவாலிக் என்றீர்களே. தில்லியிலிருந்து போய்ப் பார்க்கிற மாதிரி குவாட்டர்னரி எல்லை ஏதாவது உண்டா? பசங்களைக் கூட்டிப் போகலாம் என்று பார்க்கிறேன்.

கல்லும்_கரடும்:
உண்டு. சண்டிகரை ஒட்டிய சிவாலிக் குன்றுகளில் தாத்ரோட், பிஞ்சோர் என்று இரண்டு அடுக்குத் தொகுதி சந்திக்கும் இடம் ஏறக்குறைய இந்த 25.8 லட்சம்தான், காந்தப் புரட்டும் அங்கேயே. கீழ் அடுக்கில் மூன்று விரல் குதிரை, மேலே வந்ததும் ஒற்றைக் குளம்புக் குதிரை. ஆனால் ஓடைப் பள்ளத்துக்குள் வழி தெரிந்த ஆள் இல்லாமல் பசங்களோடு இறங்காதீர்கள்.

அவர்களுக்கு ஹிமாசலில் நாஹன் பக்கம், மார்க்கண்டா ஆற்றங்கரையில் சுகேதி புதைபடிவப் பூங்கா போதும். அதே சிவாலிக் அடுக்கு. நீளத் தந்தம் வைத்த ஸ்டெகோடான் யானை, நீர்யானை, ராட்சத ஆமை எல்லாம் ஆளுயரத்துக்கு மேல் சிலையாக வைத்திருக்கிறார்கள், அருங்காட்சியகத்தில் அசல் எலும்பும் இருக்கிறது. மழைக்காலத்தில் வேண்டாம், நவம்பருக்கு மேல் போங்கள். எதையும் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொள்ளாமல் வரச் சொல்லுங்கள்.

தேரிக்காட்டான்:
நவம்பர்ல ரெண்டாவது சனிக்கிழமை எனக்கு லீவு. வண்டியில ரெண்டு சீட்டு காலி. காஷ்மீரி கேட்ல ஏறிக்கிடலாம், யார் வாரீய?